டாக்டரிடம் நான் சொன்ன பொய்

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். கம்பெனிக்கு லீவ் லெட்டரைக்கூடப் பக்கத்து மெஷின்காரனை எழுதச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போட்ட ஆள் நான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "இன்னாத்துக்கு இப்படி ஊட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகினே கீற? கால்ல இன்னா மோட்டாரா கட்டிக்கினு வந்த?" என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. இது நான்காவது. சுற்றி வளைத்தால் இதையும் கிழித்துவிடுவேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டரம்மா உன் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி அரிப்பு இருக்கா? அப்பா சைடுல, அம்மா சைடுல?" என்று கேட்டார் அல்லவா? நான் உடனே, "எங்க சைடுல யாருக்கும் கிடையாதுங்க" என்றேன். அது பொய். எனக்கு இருக்கிறது. எட்டு வயதிலிருந்து இருக்கிறது. உனக்கு வந்தது என்னிடமிருந்துதான்.

எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்தத் தோல் பிரிவுக்கு வெளியே நாம் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார். கல்யாணமாகி, அப்பாவாகப் போகிற இருபத்தேழு வயது ஆளுக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும் காவல். உனக்கு வெட்கமாக இருந்தது, எனக்குத் தெரியும். நான் அங்கே என்ன எதிர்பார்த்துப் போனேன் தெரியுமா? கைக்குழந்தைகளும், சர்க்கரைப் புண் வந்த கிழவர்களும் இருப்பார்கள், நடுவில் நீ ஒருத்தன் மட்டும் வாலிபப் பையனாக உட்கார்ந்திருப்பாய் என்று. அங்கே போய்ப் பார்த்தால் வரிசை முழுக்க உன் வயதுதான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிற பையன்கள், புத்தகப் பையோடு ஒரு காலேஜ் பெண், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனியின் சட்டையோடு ஒருத்தன், நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள். அந்த வெயிலில் அத்தனை பேரும் முழுக்கைச் சட்டை. துப்பட்டாவை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தாள் ஒருத்தி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உன் பெயரைக் கூப்பிட்டதும் எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பையன் தலையைத் தூக்கினான். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "டேய், நீயா?" என்றான் அவன். "உனுக்கும் இதானா?" என்றாய் நீ. இரண்டு வருஷமாக ஒரே லைனில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று வேலை பார்க்கிறீர்கள். கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள். அவன் தன் கையை உன்னிடமிருந்து மறைத்திருக்கிறான், நீ உன் கையை அவனிடமிருந்து மறைத்திருக்கிறாய். இரண்டு பேரும் சட்டைக் கையை மடித்துக் காட்டிச் சிரித்தபோது எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உள்ளே டாக்டரம்மா சொன்னதும் அதைத்தான். "அட்டோபிக் எக்ஸிமான்னு பேரு. இது சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும் வர்றதுன்னு எல்லாரும் நினைச்சுட்டிருக்காங்க. வெளியில உக்காந்திருக்கறவங்களைப் பார்த்தீங்கல்ல? சின்ன வயசுல வந்து, நடுவுல அடங்கி, காலேஜ், வேலைன்னு போறப்ப மறுபடி தலைதூக்கும். சில பேருக்குப் பெரியவங்களானப்புறம்தான் முதல் தடவையே வரும். ரொம்ப சாதாரணமா பார்க்கிற ஒன்னுதான். எல்லாரும் மூடி வச்சுக்கிறதால ஊர்ல தனக்கு மட்டும்தான்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிறாங்க" என்றார். ஒட்டுவாரொட்டி இல்லை என்றார். அரிப்பு, மூச்சு இழுப்பு, அடுக்குத் தும்மல் இந்த மூன்றும் பல வீடுகளில் சேர்ந்தே வரும் என்றார். தும்மல் என்றதும் உன் அம்மா வெள்ளந்தியாக, "இவருக்கு வரும் டாக்டர், காலையில எந்திரிச்சா பத்துப் பன்னண்டு தும்மல், தெருவே எழுந்துக்கும்" என்றாள். நான் விடுவேனா? "அது தூசிம்மா" என்று அவள் வாயை அடைத்தேன். ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது பொய். அதற்குப் பிறகு உன் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாளே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். "எல்லாம் என்னாலதாம்மா. இவன் வயித்துல இருக்கறப்ப நான் கருவாடு தின்னுட்டேன்." டாக்டரம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியெல்லாம் கிடையாதும்மா, நீங்க சாப்பிட்டதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். உன் அம்மா தலையை ஆட்டிக்கொண்டாளே தவிர நம்பவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

என் கதையைச் சொல்கிறேன், கேள். சின்ன வயதில் எனக்கு முழங்காலின் பின்பக்கமும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்துக் கறுத்துப்போய் இருக்கும். சொறிந்து சொறிந்து நீர் வடியும். கரப்பான் என்பார்கள். உன் பெரியத்தைதான் எனக்கு எண்ணெய் போட்டுவிடுவாள். பத்தாம் வகுப்பு சமயத்தில் அடங்கியது. ஐடிஐ முடித்துக் காக்களூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் டர்னராகச் சேர்ந்தபோது மறுபடி கிளம்பியது. உன்னைப் போலவே எனக்கும் அப்போது இருபதுக்குப் பக்கம். ஆனால் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது, உனக்கு அது இல்லை. லேத்தில் இரும்பு சூடாகாமல் இருக்க ஊற்றுவோமே, அந்த வெள்ளைத் தண்ணீர், கூலண்ட், அதில் நாள் முழுக்கக் கை நனையும். எங்கள் ஷெட்டில் பாதிப் பேருக்கு விரல் இடுக்கில் அரிப்பும் வெடிப்பும் இருக்கும். அது அந்த வேலைக்கே உள்ள சீக்கு. அந்தக் கூட்டத்தில் என் கையும் ஒரு கை, யாரும் தனியாகப் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் "கூலண்ட் அலர்ஜி" என்பேன். பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் சொன்னேன். உன் அம்மாவின் அப்பா பழவேற்காட்டுப் பக்கத்து மனிதர், என் விரலைப் பார்த்துவிட்டு, "தம்பி கையில இன்னா?" என்று கேட்டார். "மெஷின் எண்ணெய்ங்க" என்றேன். "உழைக்கிற கை" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியத்தை காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மா என் கைக்கு எண்ணெய் போட்டுவிடும்போதெல்லாம் அந்தக் கம்பெனியைத் திட்டுவாள். "எம் புருஷன் கைய உருக்குலைச்சிட்டானுங்க, பாழாப் போனவனுங்க" என்பாள். முழங்காலுக்குப் பின்னால் இருப்பதை லுங்கி வேர்வை என்றேன். அதையும் நம்பினாள். நம்புகிறவளிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

நீ பிறந்து மூன்றாவது மாதம் உன் கன்னம் இரண்டும் சிவந்து, பொரிந்து, நீர் கோத்தது. பிறகு கழுத்து, அப்புறம் கை மடிப்பு. தலையணையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுவாய். அப்போது உன் பெரியத்தை பார்க்க வந்தாள். உன்னைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எனக்கு எண்ணெய் போட்ட கை அல்லவா அது? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல். அவள் திரும்பி உன் அம்மாவிடம், "இன்னாம்மா நீ, புள்ள வயித்துல கீறப்ப கருவாடு, கத்திரிக்கா எல்லாம் தின்னியா? கரப்பான் பண்டம்னு தெரியாது உனுக்கு?" என்றாள். உன் அம்மா கடலோரத்தில் பிறந்தவள். நெத்திலிக் கருவாடு இல்லாமல் அவளுக்கு ஒரு கவளம் இறங்காது. ஆறாம் மாதத்தில் மசக்கை விட்ட பிறகு ஆசைப்பட்டுக் கேட்டாள், நானேதான் சந்தையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தேன். "ஆமா அண்ணி, தின்னேன்" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அது அவள் குற்றம் ஆனது. அன்றிலிருந்து அவள் கருவாட்டைத் தொடவில்லை. கத்திரிக்காயும் இல்லை. இருபத்தேழு வருஷம். உனக்கு எண்ணெய் போடும்போதெல்லாம், "என்ன மன்னிச்சுடு கண்ணு, அம்மாதான் தப்பு பண்ணிட்டேன்" என்று உன் காதில் சொல்வாள். நான் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதலில் பயம். பெண் வீட்டாரை ஏமாற்றிக் கட்டினேன் என்ற பேச்சு வரும் என்று. பிறகு பழக்கம். அதற்குப் பிறகு, இதை எழுத எனக்கே கசக்கிறது, ஒரு சௌகரியம். பிள்ளைக்கு ஒன்று என்றால் எல்லோரும் தாயைத்தான் கேட்கிறார்கள். தகப்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நல்லவனாக மட்டும் இருந்தால் போதும். நான் அப்படி நல்லவனாக இருந்துவிட்டேன். பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பிலை கட்டி வலம் வந்ததும் நான்தான். பொரிந்த தோலில் வேப்பங்குச்சி உரசி நீ வீறிட்டாய், அம்மன் சோதிக்கிறாள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். அம்மனை ஏன் இழுக்க வேண்டும்? அவளுக்கு என் முழங்கால் தெரியாதா என்ன?

ஐந்தாம் வகுப்பில் உனக்கு அடங்கியது. உன் அம்மா பத்தியம் பலித்தது என்று தெருவுக்கே கேசரி கொடுத்தாள். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் திரும்ப வந்தது. அப்போது உனக்குப் பத்தொன்பது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. ஒர்க்‌ஷாப்பில் உன் கையைப் பார்த்து யாரோ தள்ளி நின்றான் என்று நீ வந்து பையை விட்டெறிந்தாய். உன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "உன் நாக்க அடக்கியிருந்தா எனுக்கு இது வந்திருக்குமா? ஒரு கருவாட்டுத் துண்டுக்கு என் ஒடம்பையே வித்துட்ட நீ" என்றாய். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருவதற்கு எனக்கு ஏது யோக்கியதை? செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நீ பேசிய பாவத்தில் முக்கால் பங்கு என்னுடையது, தம்பி. ஆனால் கால் பங்கு உன்னுடையதுதான், அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு தப்பும் என் கணக்கில்தான். கும்மிடிப்பூண்டியில் உனக்கு வேலை கிடைத்து, மெடிக்கல் செக்கப்புக்கு ஒரு வாரம் இருந்தபோது, நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேனே. மூன்று நாளில் கை கண்ணாடியாகிவிட்டது. "நைனா, சூப்பர் நைனா" என்று நீ குதித்தாய். அதே களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் நீ வருஷக்கணக்கில் முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுவாய் என்று நான் யோசிக்கவில்லை. தோல் மெலிந்து போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். களிம்பே விஷம் என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்பதைத் தெரிந்தவர் சொல்லி நாம் கேட்க வேண்டும் என்றார். அதனால் அவர் எழுதிக் கொடுத்ததை மட்டும், அவர் சொன்ன நாள் மட்டும் போடு. குளித்த ஈரம் காய்வதற்குள் அந்த வெள்ளை க்ரீமைத் தாராளமாகத் தடவு. ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ள அனுமதி கேள். சூப்பர்வைசரிடம் என்ன வியாதி என்று பெயரோடு சொல். அன்றைக்குப் பார்த்த அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேராகப் போனால் கேட்கிறவனுக்கும் சங்கடம் குறையும்.

இப்போது என் மருமகள் கவிதா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் சொல்லாதவன் ஏன் இந்த வாரம் எழுதுகிறேன் என்றால் அவளால்தான். அவளுக்கு ஏழாம் மாதம். அவள் உண்டானாள் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா தினமும் போன் போட்டு, கருவாடு வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், கத்திரிக்காய் வேண்டாம், வேர்க்கடலை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாள். நீயும் தடுக்கவில்லை. உனக்கு வந்த மாதிரி குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று பயந்து கவிதாவும் வாயைக் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை காலையில் நீ போன் செய்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. "அம்மா, கவிதாவுக்கு ரத்தம் ரொம்ப கம்மியாம். இன்னாதான் சாப்புட்ற நீன்னு நர்ஸ் சத்தம் போட்டாங்க. இப்படியே போனா பிரசவத்துல கஷ்டம்னு சொல்றாங்கம்மா. எனுக்கு பேஜாரா கீது." உன் அம்மாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் என்ன சொன்னாள்? "பேரீச்சம்பழம் வாங்கிக் குடுடா. முட்டை மட்டும் வாணாம். நான் பட்டதே போதும், அந்தப் பொண்ணும் படணுமா?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நான் ஆட்டிய ஒரு தலை இருபத்தேழு வருஷம் கழித்து இன்னொரு வீட்டுச் சமையலறையில் போய் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறது. என் மருமகளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆனால் அதற்கும் உன் அம்மாதான் பழி சுமப்பாள். அதற்கும் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேனா?

நேற்று, வியாழக்கிழமை, காலை நாஷ்டா முடிந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பின்பக்கம் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை. லுங்கியைத் தூக்கி முழங்காலின் பின்பக்கத்தைக் காட்டினேன். அவள் சாம்பல் கையோடு பார்த்தாள்.

"இது வேர்வை இல்லியா? கையில கீறதும் கூலண்ட் இல்லியா?"

"இல்ல."

"சின்ன வயசுலேர்ந்தா?"

"எட்டு வயசுலேர்ந்து."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

குழாயை நிறுத்தினாள். "அவன் அன்னிக்கு என்ன அப்படிப் பேசினான். அப்ப நீ எங்க இருந்த?"

"ஊட்லதான்."

"கதவாண்ட நின்னுகினு இருந்த. நான் பாத்தேன். எனுக்காக நீ நாலு வார்த்தை கேப்பன்னு பாத்தேன். நீ செருப்பப் போட்டுக்கினு போய்ட்ட" என்றாள். "தெனமும் நான் அந்தப் புள்ள காதுல மன்னிப்பு கேட்டேன். உன் காதுலயும் விழுந்திருக்குமே?"

விழுந்தது என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மீதிப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தாள். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. சாயங்காலம் நான் பொறுக்க மாட்டாமல், "என்ன மன்னிச்சுடுவியா?" என்று கேட்டேன். "அத அப்பால பாத்துக்கலாம். இப்ப எனுக்குத் தெரியல. மொதல்ல அந்தப் பொண்ணு சாப்புடட்டும்" என்றாள்.

இன்று காலை எழுந்து பார்த்தால் புடவை மாற்றிக்கொண்டு பையோடு தயாராக நிற்கிறாள். கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டும் என்றாள். நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதையே தபாலில் போட்டுவிடலாம் என்றேன். "காயிதத்துல எழுதிட்டு தப்பிச்சிக்கலாம்னு பாக்குறியா? நீயும் வா. அவன் எதிர்ல, அவ எதிர்ல வாயால சொல்லு" என்றாள். சரி என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இல்ல, இதையும் போட்டோ புடிச்சு அவன் போனுக்கு இப்பவே அனுப்பு. நாம போறதுக்குள்ள அவன் படிச்சிருக்கணும். வாசல்ல போய் நின்னதும் நீ கதைய மாத்திடுவ" என்றாள். இருபத்தேழு வருஷம் என் வாயை நம்பியவள் இனி நம்ப மாட்டாள். அது நியாயம்தான்.

உனக்குப் பிறக்கப் போகிற குழந்தைக்கும் இது வரலாம், வராமலும் போகலாம். வந்தால் கவிதாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நம் வம்சத்தில் இருக்கிறது, தாத்தாவுக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இருக்கிறது என்று நீயே முந்திக்கொண்டு எல்லோரிடமும் சொல். குழந்தையிடமும் சொல், விவரம் தெரிந்த நாளிலேயே. வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்காவது இருக்கும், தேடிப் பார் என்று சொல். நான் சொல்லிக் கொடுக்காத பாடம் இது. செய்யாதவன் சொல்கிறேனே என்று பார்க்காதே.

பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். உன் அம்மா இரண்டு பெஞ்ச் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன். இந்த வாரம் உனக்கு செகண்ட் ஷிப்ட், வீட்டில்தான் இருப்பாய். படித்ததும் முதல் வேலையாகக் கவிதாவுக்கு இரண்டு முட்டை வேகவைத்துக் கொடு. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவளைச் சாப்பிடச் சொல். பதினோரு மணி வாக்கில் வந்துவிடுவோம். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்காதே, என்னைத் திட்டுவதற்கு நிறைய நாள் இருக்கிறது. அம்மாவைப் பார். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, எட்டு வருஷமாக நீ அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல். நான் வெளியில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. நீ கூப்பிட்டால் வருகிறேன்.